பிளக்கில் தொடங்கும் கம்ப்யூட்டர்

மே மாதத்து மாலைச் செய்தியில் 100 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் வாசிப்பார்கள். வேலூர் இருக்கும், மீனம்பாக்கம் இருக்கும், மதுரை விமான நிலையம் இருக்கும். திருத்தணியும் பெரும்பாலும் இருக்கும். ஃபாரன்ஹீட்டில் 100 என்றால் செல்சியஸில் 37.8. கோடை உச்சத்தில் திருத்தணி 40-ஐத் தாண்டுவது ஊர்க்காரர்களுக்குச் செய்தியே அல்ல. அதுவும் நிழலில், காற்றோட்டமாக வைத்த வெப்பமானியின் கணக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவர் வெயில் வாங்கும் அறையின் கணக்கு வேறு.

அப்படிப்பட்ட அறைகளில் மேசை போட்டு வேலை பார்ப்பவர்கள் 2020 மார்ச்சுக்குப் பிறகு கூடிவிட்டார்கள். ஊரடங்கு வந்ததும் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. லேப்டாப் தர முடியாதவர்களுக்கு ஆபீஸ் டெஸ்க்டாப்பையே கட்டி அனுப்பிய நிறுவனங்கள் உண்டு. ஊரடங்கு போனது, பலர் வீட்டில் மேசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் ஏறிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய ஊர் என்பதால், சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்ற ஏற்பாடு திருத்தணிக்கு ஒத்துவருகிறது. இவர்களோடு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர், டாலியில் நான்கு கடைக்குக் கணக்கு எழுதுபவர், ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் அவர்கள் வாங்கப்போகும் டெஸ்க்டாப்பைப் பற்றியது. கடையில் கட்டி விற்பதல்ல, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்வது.

இதற்கு யூடியூபில் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஊர் இது. வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவதால், பலருக்கு இரண்டு மொழிப் பட்டியலும் கிடைக்கும். எந்த மொழியில் பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பிராசசர், பிறகு மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினட், கடைசியில், மிச்சமிருக்கும் காசுக்கு, எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை. யூபிஎஸ் பற்றிப் பேச்சே இருக்காது. ஏசி போட்ட ஸ்டுடியோவில், 24 டிகிரியில், அலுங்காத கரண்டில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வரிசை சரி. இங்கே அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. சுவரில் இருக்கிற பிளக்கும் அறையின் வெப்பமும்தான் இந்த ஊரில் கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அவற்றைச் சமாளித்த பிறகு மிஞ்சும் காசுக்குப் பிராசசர் வாங்கினால் போதும். இன்றைய பிராசசர்களில் மலிவானதே ஆபீஸ் வேலைக்கு மிதமிஞ்சியது.

வெவ்வேறு கம்பெனியின் பாகங்களை வாங்கி ஒன்றாகப் பூட்ட முடிகிறதே, அது எப்படி வந்த வசதி என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு மேலே போகலாம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அவசரத்தில், சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே கட்டியது. பிராசசர் இன்டெலின் 8088. ஐபிஎம்முக்கென்று பூட்டிவைத்திருந்த பொருள் ஏறக்குறைய, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் மட்டுமே. அதே வேலையைச் செய்யும் வேறொரு பயாஸைக் காம்பாக் நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்டு எழுதி முடித்ததும் கதவு திறந்துகொண்டது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் ஸ்க்ரூ ஓட்டை எங்கே இருக்க வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸின் நீள அகலம் என்ன என்றெல்லாம் சொல்லும் விதி அது. தைவானில் செய்த போர்டு சீனாவில் செய்த கேபினட்டில், திருத்தணியில் ஒரு வீட்டு ஹாலில், முதல் முயற்சியிலேயே உட்காருவதற்கு அந்த விதிதான் காரணம்.

இனி பிளக்குக்கு வருவோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரம் விசைத்தறி வட்டாரம். ஒரு மோட்டார் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். பக்கத்துத் தெருவில் வரிசையாகத் தறிகள் கிளம்பினால் உங்கள் வீட்டு டியூப்லைட் ஒரு நொடி மங்கி எழும். நமக்குக் கண் சிமிட்டல். கம்ப்யூட்டருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கபாசிடர், 230 வோல்ட் மாறுமின்சாரத்தைத் திருத்தி வரும் 325 வோல்ட் நேர்மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி: மோட்டார் நின்றாலும் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும். எவ்வளவு நேரம் வர வேண்டும் என்பதற்கு ஏடிஎக்ஸ் விதியில் எண் உண்டு. கனத்த சுமையில் 16, 17 மில்லிசெகண்ட். கரண்ட் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று காணாமல் போனாலும் கம்ப்யூட்டர் அணையக் கூடாது என்று பொருள். கபாசிடரில் காசு மிச்சம் பிடித்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த அவகாசம் குறையும். டியூப்லைட் மங்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸை மாற்றிப் போட்டுப் பயனில்லை; தொட்டி சிறிசு.

இந்த எண் யூபிஎஸ், இன்வெர்ட்டர் தேர்வுக்கும் உதவும். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறச் சாதாரண லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ்ஸுக்குப் பத்து மில்லிசெகண்டுக்குள்தான் பிடிக்கும், 16-க்குள் அடங்கிவிடுகிறது. வீட்டு இன்வெர்ட்டர்களில் பின்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடு என்று ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈகோ என்று மறுபக்கம். ஈகோவில் மாறும் நேரம் 40 மில்லிசெகண்ட் வரை போகலாம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ‘எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் சிஸ்டம் ஆஃப் ஆகுது’ என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஸ்விட்சைத்தான். யூபிஎஸ் மோடில் போட்டால் ஒரு விலை கொடுக்க வேண்டும். வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். லோ வோல்டேஜ் தெருவில் பேட்டரி சீக்கிரம் களைக்கும்.

சின்ன யூபிஎஸ் வாங்குபவர் அதன் கொள்ளளவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 600 விஏ யூபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. மானிட்டரோடு 80 வாட் எடுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் வரும் என்று தோன்றும். வராது. ஈய அமில பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அது முழுக் கொள்ளளவைத் தராது, மாற்றும் சர்க்யூட்டும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். புதிதில் இருபது நிமிடம் கிடைத்தால் நல்ல யூபிஎஸ். அந்த பேட்டரியும் 25 டிகிரியில் வாழப் பிறந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேசைக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் யூபிஎஸ்ஸைத் திணித்து வைப்பவர்கள் பேட்டரி கடைக்காரரை வாழவைக்கிறார்கள்.

அடுத்து எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. அந்த வீட்டில் வெறுங்காலோடு நின்று கேபினட்டின் பெயின்ட் உரிந்த ஓரத்தைத் தொட்டால் சுர்ரென்று ஒரு குறுகுறுப்பு வரும். ‘கம்ப்யூட்டர்ல ஷாக் அடிக்குது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின்னிரைச்சலை வடிகட்ட, இரண்டு சின்ன கபாசிடர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து கேபினட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு. எர்த் இருந்தால் அதன் வழியே கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். 230-இல் பாதி, 115 வோல்ட் சுற்றில். கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் ஆளைக் கொல்லாது, குறுகுறுக்கும். அதே கேபினட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி ஒயர் பிரிண்டருக்கோ கேமராவுக்கோ போகும்போது அந்தப் போர்ட் செத்துப்போக வாய்ப்பு உண்டு. இடி மின்னல் காலத்துக்காக வாங்கும் சர்ஜ் புரொடெக்டரும் எர்த் இல்லாத வீட்டில் பாதி வேலைதான் செய்யும். கூடுதல் வோல்டேஜைக் கொட்ட அதற்கு ஓரிடம் வேண்டாமா? ஆகவே பாகங்களின் பட்டியலில் முதல் செலவு எலக்ட்ரீசியன் கூலி. வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இப்போது எஸ்எம்பிஎஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது.

“அண்ணே, இந்த கேபினட் எடுத்தா எஸ்எம்பிஎஸ் உள்ளயே வருது. தனியா எதுக்குண்ணே செலவு?”

“எத்தனை வாட்டுப்பா?”

“450 போட்டிருக்கு பாருங்க.”

பார்க்க வேண்டியது அந்தப் பெரிய 450 அல்ல. டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று வரிசை, கீழே ஆம்பியர். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசர், ஃபேன், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் 12 வோல்டில்தான் ஓடுகின்றன. 12 வோல்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். 450 என்பது மற்ற வரிசைகளையும் கூட்டிக் காட்டும் விளம்பரம். நியாயமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரிசை மட்டுமே 400-ஐ ஒட்டி வரும். கையில் தூக்கியும் பாருங்கள். மின்மாற்றியும் கபாசிடரும் வெப்பத்தகடும் குறையக் குறைய டப்பா லேசாகும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருந்தால், பாதிச் சுமையில் உள்ளே வரும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் பயனாகிறது என்று கொள்ளலாம். மிச்சம் 15 சதவீதம் சூடாகி உங்கள் அறைக்குள்ளேயே வரும்.

அந்தச் சூடு கபாசிடரை என்ன செய்கிறது என்பதில்தான் திருத்தணிக்காரருக்குப் பாடம் இருக்கிறது. எலக்ட்ரோலைடிக் கபாசிடருக்குள் ஈரமான ஒரு வேதிக்கரைசல் இருக்கிறது. அது மெல்ல உலர்ந்துபோவதுதான் கபாசிடரின் முதுமை. பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு எளியது: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், 10 கூடினால் பாதியாகும். கபாசிடரின் மேல் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் பத்து வருடத்துக்கு மேல். அதே கபாசிடர் 85 டிகிரி ரகமாக இருந்தால்? இரட்டிப்புகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகின்றன, ஆயுள் 8000 மணி நேரம், மூன்று வருடத்துக்கும் குறைவு. மலிவு எஸ்எம்பிஎஸ் சரியாக வாரண்டி முடிந்ததும் படுப்பதில் சதி எதுவும் இல்லை. ஏசி அறையில் இருப்பதைவிட இங்கே எல்லாமே 15 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது.

கம்ப்யூட்டர் உள்ளே இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. எழுதிய கடிதமும் போட்ட கணக்கும் ஆற்றலாகப் பார்த்தால் பூஜ்யம். ஆகவே கேபினட்டின் வேலை அந்தச் சூட்டை வெளியேற்றுவது ஒன்றுதான். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கேபினட்டின் வேலையில் சேரா. எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 1200 ஜூல் ஆகும். 80 வாட் சூட்டைக் காற்று பத்து டிகிரி மட்டும் ஏறி எடுத்துப்போக வேண்டுமானால், விநாடிக்கு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்று போதும். நல்ல 120 மி.மீ. ஃபேன் ஒன்றே இதைப்போலச் சில மடங்கு தள்ளும். ஆறு ஃபேன் போட்ட கேபினட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அலங்காரம்.

ஃபேன் எண்ணிக்கையைவிடத் திசை முக்கியம். தறி ஓடும் தெருவில் காற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும். சாதாரணத் தூசி படியும். பஞ்சு ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பின்னிக்கொண்டு கம்பளிபோல் மூடிவிடும். முன்பக்கம் உள்ளிழுக்கும் ஃபேன்களின் பலம், பின்னால் வெளியேற்றும் ஃபேனைவிடக் கூடுதலாக இருந்தால், கேபினட்டுக்குள் அழுத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சந்துபொந்து வழியே காற்று வெளியேதான் போகும், தூசி அந்த வழியில் நுழையாது. உள்ளே வரும் ஒரே வாசலில் கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி இருக்கட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டுகள் மூச்சு முட்டி நிற்பவை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பிராசசரின் வெப்பத்துக்கும் எளிய கூட்டல் கணக்கு இருக்கிறது. அறையின் வெப்பம், கேபினட்டுக்குள் கூடும் சில டிகிரி, பிறகு பிராசசர் எடுக்கும் வாட்டைக் கூலரின் வெப்பத்தடையால் பெருக்கிய எண். மூன்றும் சேர்ந்ததுதான் பிராசசரின் சூடு. பெட்டியோடு வரும் சாதாரண கூலருக்கு வாட்டுக்கு 0.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 65 வாட்டுக்கு 39 டிகிரி. ஸ்டுடியோவில் 24, உள்ளே ஒரு 6, மேலே 39: மொத்தம் 69, விமர்சகர் திருப்தியாகத் தலையாட்டுவார். திருத்தணி மே மாதத்தில் 24-க்குப் பதில் 41 போடுங்கள். 86. இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தேவைப்படும் மதியத்தில் கிடைக்காது. மாலையில் சரியாகிவிடும் என்பதும் பொய். கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலைச் சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் கக்கும். அமெரிக்க ஷிஃப்ட் பார்ப்பவர்கள் லாக்-இன் செய்வது அந்த நேரத்தில்.

பிராசசர் தேர்வில் நான் சிக்கனக்காரன் என்றால் அதற்கு ஒரு சமன்பாடும் துணை நிற்கிறது. சிப்பின் மின்செலவு அதன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடும். வேகத்தை 10 சதவீதம் ஏற்ற வோல்டேஜை 8 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால் மின்செலவு 28 சதவீதம் ஏறும். கடைசிப் பத்து சதவீத வேகம்தான் அதிக விலையுள்ள, அதிகம் சுடும் வேகம். அதைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை 2024-இல் உலகமே பார்த்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, காரணம் தெரியாமல் தடுமாறின. தேவைக்கு மேல் ஏறிய வோல்டேஜ் சிப்புக்குள் ஒரு பகுதியை நிரந்தரமாகத் தேய்த்துவிட்டது என்று இன்டெலே கண்டறிந்து, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது.

டாலி, எக்செல், முப்பது டேப் திறந்த பிரவுசர், வீடியோ மீட்டிங். இதற்கு நான்கு கோர் கொண்ட கோர் ஐ3-12100 போதும். கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றால் ஆறு கோர் ஐ5-12400, இல்லையேல் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. சில வருடப் பழைய மாடல்கள்தாம். ஆபீஸ் வேலையும் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. இதைவிடப் புதிதாக வாங்குபவர்களும் இரண்டு விஷயத்தைக் கவனித்தால் போதும்: அடிப்படை வாட் 65-ஐத் தாண்டக் கூடாது, பேரின் கடைசி எழுத்து என்ன என்று பார்க்க வேண்டும். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-12400எஃப் சில நூறோ ஆயிரமோ குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, எல்லாம் பூட்டி, மானிட்டரில் ஒன்றும் தெரியாமல் இரவெல்லாம் ரேமைக் கழற்றி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். படம் காட்டத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது இன்னொரு சூட்டுப் பெட்டி.

மதர்போர்டில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்டைப் பிராசசருக்கு வேண்டிய சுமார் 1.2 வோல்டாக இறக்குவது சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். 65 வாட்டை 1.2 வோல்டில் கொடுக்க 54 ஆம்பியர் வேண்டும். சாதாரண வீட்டு மெயின் ஸ்விட்ச் 32 ஆம்பியரில் விழுந்துவிடும். அதைவிடப் பெரிய மின்னோட்டம், விரல் நுனி அளவுள்ள சிலிக்கனுக்குள் போகிறது. மலிவான எச்610 போர்டுகள் பலவற்றில் இந்தச் சதுரங்களின் மேல் வெப்பத்தகடு இருக்காது. ஐ3-க்கு அது பரவாயில்லை. ஐ5-ஐ வெயில் அறையில் நாளெல்லாம் ஓட்டுபவர் தகடு உள்ள போர்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ரேமின் கதை சுவையானது. 1966-இல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு, ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு குட்டிக் கபாசிடரும் சேர்ந்தால் ஒரு பிட்டை நினைவில் வைக்கலாம் என்று கண்டார். இன்றைய ரேமின் ஒவ்வொரு பிட்டும் அதே ஏற்பாடுதான். கபாசிடரில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். சிக்கல் என்னவென்றால் மின்னூட்டம் கசிகிறது. அதனால் டிடிஆர்4 ரேமில் எல்லாப் பிட்டுகளையும் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது விதி. புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ரேமின் அந்தப் பகுதி வேறு வேலை செய்யாது.

16 ஜிபி வாங்குங்கள், 8 ஜிபி இரண்டு குச்சியாக. ஒரே குச்சி என்றால் டிடிஆர்4-3200 ரேமின் உச்சப் பாய்ச்சல் விநாடிக்கு 25.6 ஜிபி; இரண்டு போட்டால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரையில் தெரியும் படமும் இதே ரேமிலிருந்து வருவதால், இந்த இரட்டிப்பு மீட்டிங் வீடியோவிலேயே தெரியும். விலைதான் கவலை. ஏ.ஐ. மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. கையில் பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் அவற்றை ஏற்கும் போர்டாகப் பார்த்து வாங்குவது இப்போது புத்திசாலித்தனம்.

எஸ்எஸ்டி பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக 4 மில்லிசெகண்ட், முள் நகர இன்னொரு 8 அல்லது 9. விநாடிக்கு நூறு தேடல்கூடத் தேறாது. எஸ்எஸ்டி ஒரு தேடலை 0.1 மில்லிசெகண்ட் சுற்றில் முடிக்கும். எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்று பயப்படுபவர்களுக்கு: 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றில் 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் உண்டு. நாளுக்கு 20 ஜிபி எழுதினால் நாற்பது வருடம். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம், வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க அது உதவும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய மீரான் சாகிப் தெருவிலும் கம்பெனிகள் கழித்த பிராண்டட் டெஸ்க்டாப்புகள் புதுசின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். உறுதியான மெஷின்கள், சந்தேகமில்லை. இரண்டு இடைஞ்சல் உண்டு. விண்டோஸ் 11, இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய பிராசசர்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸில் வேலை நடக்கும் என்பவருக்கு அது தடையல்ல, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸே இருக்கிறது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர் முதலில் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்று, அந்த மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் ஏடிஎக்ஸ் விதிக்கு அடங்காத சொந்த வடிவத்தில் இருக்கும். இந்த ஊர் கரண்டில் முதலில் போகக்கூடியது எதுவோ, அதற்கு மாற்று உள்ளூரில் கிடைக்காது.

வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறட்டும். அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு மொத்தமாக வாரண்டி கிடையாது. ரேமுக்கு ஒரு கம்பெனி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வேறொன்று, சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் சென்னையில். கேபினட்டையும் மானிட்டரையும் உள்ளூரிலேயே எடுத்துவிட்டால், மிச்சம் எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கும். சாயங்கால ரயில் கூட்டத்தில் கேபினட் அட்டைப்பெட்டியோடு ஏறுவது வீண் வம்பு.

பூட்டி முடித்ததும் சுமை சோதனை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பிராசசரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே அறையின் வெப்பத்தையும். டிசம்பரில் 28 டிகிரி அறையில் 72 காட்டினால் வித்தியாசம் 44. மே மாதத்து 41-ஐக் கூட்டினால் 85, விட்டுவிடலாம். கூட்டல் 95-க்கு மேல் போனால் பயாஸில் பிராசசரின் வாட் வரம்பை 65-லிருந்து 50-ஆக இறக்குங்கள். எக்செல்லுக்கு அது தெரியவே தெரியாது. அதற்கும் மசியவில்லையென்றால் இரண்டாயிரம் ரூபாய் சுற்றில் ஒரு டவர் கூலர், அதை மாட்டும் முன் கேபினட்டின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளவும்.